இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

மகன்,

உன் கல்யாணக் கார்ட் போன செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தது. நல்ல கார்ட். தடித்த மட்டை, பொன் நிற எழுத்து. மொத்தம் பதினான்கு வரி. அதை வாசித்து முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. முதலில் வலது பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர் மட்டும்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் பெயரைப் போட மறந்துவிட்டார்களா என்று யோசித்தேன். பிறகுதான் எனக்கே உறைத்தது. கார்டை வலது பக்கமாகத் தள்ளி வைத்து, தலையை இடது பக்கம் திருப்பி, விரலால் தடவித் தேடி உன் பெயரைக் கண்டுபிடித்தேன். அதற்குக் கீழே காலமான உன் அப்பாவின் பெயரும் என் பெயரும் இருந்தன. ஊர் வாய்க்காகத்தான் என் பெயரைப் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். கார்டோடு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. கனடாவுக்குப் போன ஆறு வருடத்தில் நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்பா செத்தபோது போன் எடுத்தாய், அதையும் கீழ் வீட்டுப் பரீனாவிடம் கதைத்துவிட்டு வைத்தாய்.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நான் உனக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் பார்த்தாயோ தெரியாது. பார்த்திருந்தால் அவற்றின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்ததைக் கண்டிருப்பாய். இந்தத் தாள்களிலும் இருக்கிறது. உன் அப்பா ஒருநாள் அது என்னவென்று கேட்டார். கொப்பித் தாள் என்று சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். நம் வீட்டில் நான் சொன்ன பொய்களை எல்லாரும் உடனே நம்பினீர்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் தாளின் இடது பாதியை விட்டுவிட்டு நடுவிலிருந்து எழுதத் தொடங்கிவிடுவேன். வரிக்கு வரி வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போவேன். ஏன் என்று இன்று சொல்லப்போகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆசீர்வாதம் சொல்வதுதான் தாய்மாருக்கு வழக்கம். அது என்னிடம் மிச்சமில்லை. இருப்பது இதுதான்.

நான் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடந்து வந்தபோது குண்டு வெடித்ததும், ஒரு கடையின் பெயர்ப்பலகை என் பின்மண்டையில் விழுந்ததும் உனக்கு நினைவிருக்கும். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தையல் போட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயும் அப்பாவும் வாடகை வான் பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனீர்கள். அம்மா தப்பிவிட்டாள் என்று நீ கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாய். இரண்டு கிழமைக்குப் பிறகு நான் தனியாகக் கிளினிக்குக்குப் போனதையும் அங்கே டொக்டர் என்ன சொன்னார் என்பதையும் உங்களில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

டொக்டர் என் முகத்துக்கு முன்னால் பேனையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். கண்ணில் ஒரு பிழையும் இல்லை என்றார். அடிபட்டது மூளையின் பின்பக்கம், பார்வையை வாங்கிக்கொள்கிற இடம். இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது. நாம் வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லையாம். அது சொல்லுக்குச் சொல் தாவித் தாவிப் போகிறதாம். வரி முடிந்ததும் ஒரே தாவலில் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. திரும்புகிற இடம் முன்கூட்டியே ஓரக்கண்ணில் தெரிவதால்தான் அது சரியாகப் போய் இறங்குகிறது. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. அதனால் கண் பாதி வழியில் இறங்கிவிடும். நடு வரியில் இறங்கி, அதுதான் தொடக்கம் என்று நினைத்து மேலே போகும். சிலவேளை ஒரு வரியையே தாண்டிவிடும். தாண்டியது எனக்குத் தெரியாது. அதுதான் இந்த நோயின் கெட்ட குணம், இல்லாததை இல்லை என்று அது காட்டிக்கொடுக்காது. அங்கே இருந்த தாதி மிஸ்ஸி ஒரு கடதாசியின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனையால் கோடு கீறித் தந்தாள். இந்தக் கோட்டைக் காணும்வரை கண்ணைத் திருப்பிக்கொண்டே போங்கள், கண்ட பிறகு வாசியுங்கள் என்றாள். டொக்டர் எல்லாவற்றையும் கிளினிக் கார்டில் எழுதிக் கொடுத்து, வாசிக்கிற வேலையைக் கொஞ்ச காலத்துக்கு விடச் சொன்னார்.

வாசிக்கிற வேலையை விட்டால் எனக்கு வேறு என்ன வேலை இருந்தது? நான் ஒரு லோயர் கந்தோரில் முப்பது வருடம் காணி உறுதி டைப் அடித்தவள். துறைமுகத்தில் தூசு குடித்து நெஞ்சு பழுதான உன் அப்பா வீட்டில் இருந்தார். நீ நுகேகொடையில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தாய். அது மட்டும் இல்லை. எனக்குத் திமிர் இருந்தது. வேறு கந்தோர்க்காரர்கள்கூடத் தங்கள் உறுதிகளை என்னிடம் அனுப்பிய காலம் உண்டு. அந்தப் பெயரை விட மனமில்லை. கார்டை மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தேன். உறுதிகளில் பாதி ஒரே வாசகம், அதை என் விரல் கண்ணில்லாமலே அடிக்கும். கோயிலில் வேதாகம நிருபம் வாசிக்கக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினேன். ஒரு தொழில்காரி தன் குறையை மறைக்கத் தொடங்கினால் எவ்வளவு கெட்டிக்காரியாகிவிடுகிறாள் என்று நீ கண்டிருக்க மாட்டாய்.

ஆனால் ஒருத்தி கண்டாள். அவளைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். வவுனியாவிலிருந்து பாலர் பாடசாலை ஆசிரியைப் பயிற்சிக்கு வந்து நம் முன்னறையில் வாடகைக்கு இருந்த சுகந்தி. சின்னப் பிள்ளைகள் வாசிக்கும்போது அவர்களுடைய கண் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அவள் வந்து ஒரு மாதத்தில் உப்புப் போத்தல் மேசையின் வலது பக்கத்துக்கு இடம் மாறியது. என் தேத்தண்ணிக் கோப்பையை வலது கைப் பக்கமாக வைக்கத் தொடங்கினாள். நான் சாப்பாட்டுத் தட்டின் இடது பக்கத்துச் சோற்றை விட்டுவிட்டு எழும்பினால், தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, “அன்ரி, இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்பாள். உனக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருடம் தெரியாதது அவளுக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. அதற்கு நான் அவளை நேசித்திருக்க வேண்டும். நான் அவளை வெறுத்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் உன் நீலச் சட்டையின் பொத்தான் வெள்ளை நூலில் தைத்திருந்ததைக் கண்டேன். நம்மிடம் வெள்ளை நூல் இல்லை, அவளிடம்தான் இருந்தது.

நான் உன்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும். “அந்தப் புள்ளய வேற ரூம் பாக்கச் சொல்லு மகன். வடக்குப் புள்ளைங்க இருந்தா பொலிஸ்காரங்க நம்ம கதவத்தான் முதல்ல தட்டுவாங்க. நாங்க இங்கயே பொறந்து வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?” நீ சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை நான் பொலிசுக்குக் கொடுக்கிற பட்டியலை அடித்தேன்.

அந்தப் பட்டியலை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன காரணம் என்று எழுதிக் கொடுத்து, சீல் குத்திய பிரதியைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த காலம். நம் கட்டிடத்துக்கு ஒரே பட்டியல். மேலே நாம் மூன்று பேரும் சுகந்தியும், கீழே பரீனாவும் புருஷனும் மாமியாரும், பின்பக்கத்தில் வவுனியாவிலிருந்து வந்திருந்த தாயும் இரண்டு மகள்களும். பத்துப் பேர். நீ கையால் எழுதிக் கொடுத்தாய், நான் இங்கிலிசில் அடித்தேன். மூன்று பிரதி, இடையில் கார்பன். இந்த ஊர் ஆறு பேரையும் முதலில் எழுதியிருந்தாய், சுகந்தியின் பெயர் ஏழாவது. அதற்குக் கீழே பின்வீட்டுத் தாயின் பெயர். இரண்டு வரியின் நடுவிலும் ஒரே ஊர், வவுனியா. ஆறாவது வரியை முடித்துவிட்டு என் கண் திரும்பியது. நடுவில் வவுனியாவில் இறங்கியது. எட்டாவது வரியின் வவுனியாவில் இறங்கியது. அங்கிருந்து இடது பக்கம் தேடிப் போய்ப் பின்வீட்டுத் தாயின் பெயரை அடித்தேன், ஏழாவது வரி விடுபட்டுவிட்டது. மிஸ்ஸி சொன்னபடி சிவப்புக் கோடு கீறியிருந்தால் அந்தப் பெயர் தப்பியிருக்கும். கீறினால் ஏன் என்று கேட்பீர்கள். அதனால் கீறவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் அது நோய் செய்த பிழை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த எந்தத் தாளும் ஒத்துப் பார்க்காமல் கந்தோரை விட்டு வெளியே போகாது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் பிரதியில் பென்சிலை வைத்துத் தொடர வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரியானாலும் தான் அடித்ததைத் தானே ஒத்துப் பார்க்கக் கூடாது. இதை நான் எத்தனை புதுப் பிள்ளைகளுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் தாளை உருவியபோது சுகந்தி வாசலில் நின்றாள். “அன்ரி, நான் வாசிக்கிறன், நீங்கள் பாருங்கோ. இல்லாட்டி நீங்கள் வாசியுங்கோ, நான் பாக்கிறன்” என்றாள். கெஞ்சுகிற குரலில் கேட்டாள். அவள் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் வந்தது. “முப்பது வருசமா டைப் அடிக்கிறவளுக்கு நீ வாசிச்சுக் காட்டத் தேவையில்ல. போய் உன் வேலயப் பாரு” என்றேன். அவள் போய்விட்டாள். தன் பெயர் விடுபட்ட தாளுக்கு நாலடி தூரத்தில் நின்றுவிட்டுப் போனாள். அப்பா அறையிலிருந்து, “செக் பண்ணினியா?” என்று கேட்டார். பண்ணினேன் என்று சொல்லிக் கையெழுத்துக்குக் கொடுத்தேன்.

மூன்றாவது கிழமை விடிய ஆறு மணிக்குப் பொலிஸ்காரர்கள் நம் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஆள் வீட்டுக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீ முதல்நாளே நண்பனின் வீட்டில் தங்கப் போயிருந்தாய். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அடையாள அட்டையைக் காட்டினாள், பயிற்சிக் கடிதத்தைக் காட்டினாள். “இது பிழை, என்ர பேர் இருக்கும், வடிவாப் பாருங்கோ” என்று அந்தத் தாளைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். என் வேலையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இதுவரை உனக்குத் தெரிந்த கதைதான், கண் விஷயத்தைத் தவிர. இனிச் சொல்வது உனக்குத் தெரியாது. அன்று பத்து மணிக்கு நான் என் கந்தோர் லோயர் ஐயாவின் காலில் விழாத குறையாக அழுது, அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் நல்ல மனுஷன், வந்தார். அங்கே இருந்த அதிகாரியும் அவ்வளவு மோசமான ஆள் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நோனா, மே நம நேனே” என்றார். இந்தப் பெயர் இல்லையே, ஏன் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். ஒரு காரணம் சொல்லு, விடுகிறேன் என்பதுபோல இருந்தார். காரணம் என் கைப்பைக்குள் இருந்தது. இங்கிலிசில், டொக்டரின் கையெழுத்தோடு இருந்தது. அதை எடுத்து வைத்து, என் மூளையில் அடிபட்டது, எனக்கு வரி விடுபடும், பிழை என்னுடையது என்று மூன்று வசனம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பக்கத்து நாற்காலியில் லோயர் ஐயா இருந்தார். அவருக்கு முன்னால் அந்தக் கார்டை எடுத்தால் அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தப் பிள்ளை பட்டியல் கொடுத்த பிறகுதான் வந்தது என்று சொன்னேன். போன கிழமைதான் ஊரிலிருந்து வந்தது, புதிதாக அடிக்க நேரம் கிடைக்கவில்லை என்றேன். சின்னப் பொய், யாருக்கும் கெடுதலில்லை என்று அந்த நேரத்தில் நினைத்தேன். அதிகாரியின் முகம் மாறியது. எட்டு மாதமாக இங்கே இருக்கிறேன் என்று அவள் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தாள். வீட்டுக்காரி ஒரு கிழமை என்கிறாள், பெண் எட்டு மாதம் என்கிறாள். யார் பொய்க்காரி என்று அவர்கள் முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. லோயர் ஐயா என் தோளில் தட்டி, கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவளை ஏழு மாதம் வைத்திருந்தார்கள். பட்டியலுக்காக அல்ல மகன், என் வாய்க்காக.

அன்று பின்னேரம் நீ சமையலறைக்கு வந்து கேட்டாய். “நீங்கதானே அம்மா அவட பேர வெட்டினீங்க? ஞாயித்துக்கிழம சொன்னீங்க, வியாழக்கிழம செஞ்சிட்டீங்க.” இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்றால் எப்படி விடுபட்டது என்று கேட்பாய். “ஓம், நான்தான் வெட்டினேன்” என்று சொன்னேன். உன் முகத்தைப் பார்த்தேன். கல்நெஞ்சக்காரி என்று பெயர் எடுப்பதைத் தாங்கிக்கொண்டேன், வாசிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. பெற்றவள் அப்படிச் செய்திருப்பாள் என்று நீ எத்தனை சுலபமாக நம்பினாய். ஒரு தரம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கனடாவுக்கு ஏறிவிட்டாய். என் மேல் கோபித்துக்கொண்டு போனாயே, அவளுக்காக நீ எத்தனை நாள் காத்திருந்தாய் என்று எப்போதாவது கணக்குப் பார்த்தாயா? அதையும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் யோசி. நான் கெட்டவள் என்பதால் நீ நல்லவனாகிவிட மாட்டாய்.

விட்ட பிறகு அவள் ஒரு தரம் வந்தாள். தன் பையை எடுக்க வந்தாள். மெலிந்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் என் கண்ணாடியைத் தேடி மேசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அது இடது பக்கத்தில் இருந்திருக்கிறது. அவள் அதை எடுத்து வலது பக்கத்தில் வைத்தாள். “அன்ரி, டொக்டரிட்டப் போறனீங்களோ?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்பேன். அவளுடைய மாமா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து வன்னிக்குள் போனதாகக் கேள்வி. பிறகு சண்டையில் பாதை பூட்டிவிட்டது. அவள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு கடிதம் போட்டேன், இரண்டும் திரும்பி வந்தன.

வேலையும் நிலைக்கவில்லை. அடுத்த வருடமே ஒரு உறுதியில் மேற்கு எல்லையை விட்டுவிட்டேன், லோயர் ஐயா நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு வருடச் சம்பளத்துக்கு அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறேன். இப்போது உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம். இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். உடம்பில் ஏதாவது கெட்டுப் போனால் அன்றைக்கே உன் பெண்சாதியிடம் சொல்லு. அவள், நான் ஒருக்கா பாக்கிறன் என்று கை நீட்டினால் தாளைக் கொடுத்துவிடு. உன் குறையைக் கண்டுபிடித்துப் பேசாமல் உப்புப் போத்தலை இடம் மாற்றுகிறவள் உன் எதிரி இல்லை. இதை அறிய எனக்கு இவ்வளவு செலவாகியிருக்கிறது. மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவள் எங்கே என்று எனக்கே தெரியாது. உன்னிடம் நான் கேட்பது, அம்மா அந்தப் பெயரை வெட்டினாள் என்று இனிச் சொல்லாதே. அதைவிடக் கெட்டதைச் செய்தாள், அதைச் சொல்லு.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: மேலே உள்ளதை ஒத்துப் பார்த்துவிட்டேன். இந்தப் பின்குறிப்பை யாரும் ஒத்துப் பார்க்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இன்று பகல் பரீனாவை மேலே கூப்பிட்டேன். நான் முதலில் எழுதிய தாள்களை விரல் வைத்து, கோட்டைத் தேடித் தேடிச் சத்தமாக வாசித்தேன். அவள், அதைப் பார்த்து நான் திருப்பி எழுதிய இந்தத் தாள்களில் பென்சிலை வைத்துத் தொடர்ந்தாள். அந்த விடியற்காலை ஜீப்புக்குப் பின்னால் வாசல்வரை ஓடியவள் அவள். பொலிஸ் நிலையத்தில் நான் சொன்னதை வாசித்தபோது அவளுடைய பென்சில் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. முடிந்ததும் தாள்களை அடுக்கி என் வலது பக்கத்தில் வைத்தாள். “ஒரு வரியும் விடுபடல்ல” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அவளுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருக்கிறது.